அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்

குரோஷா குல்லாவுக்கான பேட்டர்னை முதன்முதலாகக் கையில் எடுப்பவரின் கண் எந்தச் சொல்லில் நிற்கிறது என்று கவனித்தால், அவர் எந்தச் சுற்றில் தடுமாறப் போகிறார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பின்னும் குல்லாக்களில் மூன்றாம் சுற்றுக்கான வரி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அடுத்த கண்ணியில் ஒரு சிங்கிள், அதற்கடுத்த கண்ணியில் இரண்டு சிங்கிள், இதையே சுற்று முழுவதும் திரும்பச் செய்க (18)." புதியவர் 'ஒரு சிங்கிள், இரண்டு சிங்கிள்' என்று முணுமுணுத்தபடி ஊசியை ஓட்டுகிறார். கடைசியில் நிற்கும் 18 அவருக்குப் பக்க எண் மாதிரி, தனக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று. அந்த வரியில் முதலில் படிக்க வேண்டியது அந்த 18 தான் என்பது இத்தொழிலில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயரைப் பார்த்த பிறகுதானே ஏறுகிறோம்? நடுவில் எந்தெந்த நிறுத்தம் என்பது அதற்குப் பிறகு வருவது. பேட்டர்னின் கட்டளைகள் நிறுத்தங்கள், 18 என்பது போய்ச் சேர வேண்டிய ஊர். இந்தக் கருத்தை எல்லோரும் ஏற்பதில்லை. எண்ணிக்கையைப் பெரிதாக்கினால் புதியவர் மிரண்டு ஓடிவிடுவார், கை பழகினால் எல்லாம் தானே வரும் என்று சொல்கிறவர்கள் கற்றுத்தருபவர்களிலேயே உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கும் இடங்களையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன், அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும்.

சிங்கிள் என்னும் குட்டைக் கண்ணியில் பின்னும் குல்லாவின் உச்சி ஆறு கண்ணிகளில் தொடங்குகிறது. பிறகு 12, 18, 24, 30 என்று சுற்றுக்கு ஆறாக வளர்கிறது. ஏன் ஆறு? ஐந்தோ ஏழோ ஏன் இல்லை? யாரோ வைத்த வழக்கம் என்று நினைத்தால் அதை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. உண்மையில் இது பள்ளிக்கூடக் கணக்கு. வட்டத்தின் சுற்றளவு அதன் ஆரத்தைப்போல ஏறத்தாழ 6.28 மடங்கு. ஒரு சுற்று பின்னி முடித்ததும் ஆரம் ஒரு கண்ணியின் உயரம் கூடுகிறது. வட்டம் தட்டையாகவே இருக்க வேண்டுமென்றால் சுற்றளவு அந்த உயரத்தைப்போல 6.28 மடங்கு கூடியாக வேண்டும். சிங்கிள் கண்ணி கிட்டத்தட்டச் சதுரம், அகலத்தைவிட உயரம் ஒரு நூலளவு குறைவு. ஆகவே கூட வேண்டிய நீளத்தைக் கண்ணி அகலத்தில் அளந்தால் ஆறு வருகிறது. டபுள் கண்ணியின் உயரம் சிங்கிளைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் டபுளில் பின்னும் உச்சி 12-இல் தொடங்கி 24, 36, 48 என்று ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஹாஃப் டபுளுக்கு எட்டு அல்லது பத்து. கண்ணி உயர்ந்தால் கூட்ட வேண்டிய எண்ணும் உயரும் என்ற இந்த ஒரே உறவு தெரிந்தால், பேட்டர்னின் மேல்பாதி முழுவதும் விளங்கிவிடுகிறது.

இந்த உறவு தப்பினால் என்ன ஆகும் என்பதும் கண்ணுக்கு உடனே தெரியும். கூட்டியது போதாவிட்டால் ஓரம் உள்வாங்கி, வட்டம் கிண்ணமாகக் குழியும். அளவுக்கு மிஞ்சிக் கூட்டினால் ஓரத்துக்கு இடம் போதாமல் அப்பள விளிம்புபோல் நெளியும். தன் குல்லா நெளிவதைப் பார்க்கும் புதியவர், தன் கைக்கு இந்த வேலை வராது என்று முடிவு கட்டிவிடுகிறார். கையின் மேல் பழியைப் போட வேண்டியதே இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கணிதவியலாளர் டைனா டைமினா, 1997-இல் இதே நெளிவை வேண்டுமென்றே வரவழைத்தார். ஹைப்பர்போலிக் தளம் என்று கணிதத்தில் சொல்லப்படும் பரப்பைக் கையால் தொட்டுப் பார்க்கும்படி மாணவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. காகித மாதிரிகள் எளிதில் சேதமாயின. அவர் குரோஷா ஊசியை எடுத்து, ஒவ்வொரு வரிசையிலும் ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனார். நெளிந்து மடிந்த அந்தப் பின்னல் காகிதத்தில் நிலைக்காத வடிவத்தைக் கையில் கொடுத்தது. ஆக, குல்லாவின் நெளிவும் கணிதம்தான். கண்ணிகள் எத்தனையோ அதற்கேற்ற வளைவு வரும், பின்னுகிறவர் ஐந்து வருடம் பழகியவரானாலும் ஐந்து நாள் பழகியவரானாலும். ஐந்து நாள் பழகியவருக்கு இதைவிட ஆறுதலான செய்தி கிடையாது என்று நினைக்கிறேன். தவறு எண்ணில் இருக்கிறது, எண்ணைத் திருத்த முடியும்.

எண்ணை முதலில் படிப்பதால் இன்னொரு பெரிய சங்கடமும் தீர்கிறது. குரோஷாவில் அமெரிக்கர் வழக்கு ஒன்று, ஆங்கிலேயர் வழக்கு ஒன்று. அமெரிக்கர் சிங்கிள் என்பதை ஆங்கிலேயர் டபுள் என்கிறார்கள். அமெரிக்கரின் டபுள் ஆங்கிலேயருக்கு டிரெபிள். பெயர் ஒன்று, கண்ணி வேறு. நம் கைக்கு வருகிற பேட்டர்ன்களில் இரண்டு வழக்கும் கலந்து கிடக்கின்றன. எந்த வழக்கு என்று முகப்பில் குறிப்பிடாத பேட்டர்ன்களும் ஏராளம். 'டிசி' என்று ஒரு சுருக்கெழுத்தைப் பார்த்தால் அது எந்த நாட்டு டபுள் என்று சொற்களை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. எண்ணைப் பார்த்தால் தெரியும். வளையத்துக்குள் 6 டிசி, அடுத்து 12, அடுத்து 18 என்று போனால் அது குட்டைக் கண்ணி, ஆங்கிலேயர் டபுள். 12 டிசி, 24, 36 என்று போனால் நெட்டைக் கண்ணி, அமெரிக்கர் டபுள். மாற்றிப் போட்டால் என்ன நடக்கும் என்பதை மேலே சொன்ன கணக்கே சொல்லிவிடும். ஆறாறாகக் கூட்டிக்கொண்டு நெட்டைக் கண்ணியைப் போட்டால் இரண்டாம் மூன்றாம் சுற்றிலேயே கூம்பு எழும். பன்னிரண்டாகக் கூட்டிக்கொண்டு குட்டைக் கண்ணியைப் போட்டால் ஓரம் நெளியும். நுனி கூர்மையான கூம்புக் குல்லாக்கள் வேண்டுமென்றே குறைவாகக் கூட்டுகின்றன, அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. ஆனால் அது கூம்பு என்பது படத்திலேயே தெரிந்துவிடும்.

'திரும்பச் செய்க' என்பதும் அப்படி ஒரு குழி. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களில் சிலர் ஆறு முறை என்றால் முதல் தடவையையும் சேர்த்து ஆறு என்று கொள்கிறார்கள். முதலில் செய்ததைத் தள்ளிவிட்டு எண்ணுகிறவர்கள் ஐந்து முறை என்று எழுதுகிறார்கள். சொல்லை வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முயன்றால் மண்டை காயும். முந்தைய வரியின் எண்ணையும் இந்த வரியின் எண்ணையும் பக்கத்தில் வைத்தால் தீர்ந்தது. கீழே இருப்பவை 12 கண்ணிகள். ஒவ்வொரு தடவையும் இரண்டு கண்ணிகள் செலவாகின்றன, மூன்று கண்ணிகள் விளைகின்றன. 12 தீர வேண்டுமென்றால் மொத்தம் ஆறு தடவை, விளைச்சல் 18. எந்த ஆசிரியர் எந்த வழக்கத்தில் எழுதியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. முந்தைய வரியின் எண் வரவு, இந்த வரியின் எண் விளைச்சல். புதியவர் ஒவ்வொரு வரியையும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் வைத்துப் படிக்கப் பழகினால், ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர்கூடப் பேட்டர்னை முழுமையாகப் பின்பற்ற முடியும்.

கண்ணிகள் எங்கே காணாமல் போகின்றன, எங்கே முளைக்கின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதியவரின் மனக்கஷ்டத்தில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. முதல் இடம், சுற்றின் தொடக்கம். ஸ்லிப் ஸ்டிச் போட்டு ஒவ்வொரு சுற்றையும் மூடும் முறையில், மூடியதும் மேலே ஏறுவதற்காகச் செயின் போடுகிறோம். சிங்கிளுக்குப் போடும் ஒற்றைச் செயின் வழக்கமாகக் கண்ணியாக எண்ணப்படுவதில்லை. டபுளுக்குப் போடும் மூன்று செயின் பெரும்பாலும் ஒரு கண்ணியாக எண்ணப்படுகிறது. ஒன்று கணக்கில் வராது, மற்றது வரும். இது புதியவருக்கு எப்படித் தெரியும்? மூடிய ஸ்லிப் ஸ்டிச்சின் தலையும் மற்றக் கண்ணிகளின் தலைபோலவே தெரிவதால் சுற்றின் முடிவில் அதற்குள்ளும் ஒரு கண்ணி போட்டுவிடுகிறார். ஒன்று கூடிவிட்டது. அல்லது செயின் போட்ட அதே இடத்தில் போட வேண்டிய முதல் கண்ணியைத் தாண்டிவிடுகிறார். ஒன்று குறைந்துவிட்டது. இரண்டாவது இடம், ஒரே கண்ணிக்குள் இரண்டு போட்ட உடனே வரும் கண்ணி. இரட்டையில் இரண்டாவது, பக்கத்துக் கண்ணியின் தலைமேல் சாய்ந்து அதை மறைத்துக்கொள்ளும். விரலால் விலக்கிப் பார்க்காவிட்டால் அது இருப்பதே தெரியாது. மூன்றாவது, எண்ணும்போதே வரும் பிழை. மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு கண்ணியின் தலையும் சாய்ந்த அம்புமுனைபோல் இரண்டு இழைகளாகத் தெரியும். அந்த முனைகளைத்தான் எண்ண வேண்டும். ஊசியில் மாட்டியிருக்கும் வளையத்தை எண்ணக்கூடாது. அடர்ந்த கறுப்பிலோ கருநீலத்திலோ முதல் குல்லாவைத் தொடங்குகிறவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது. வெளிர்நிறம்தான் முதல் குல்லாவுக்கு ஏற்றது.

சுற்றுக்கு ஒரே ஒரு கண்ணி தவறாகக் கூடினால் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். இரண்டாம் சுற்றிலிருந்து பன்னிரண்டாம் சுற்றுவரை பதினொரு கண்ணிகள். நடுத்தரத் தடிமனுள்ள நூலில் அது ஏறக்குறைய 8 செ.மீ. தாய்க்குப் பின்னத் தொடங்கிய குல்லா தகப்பனுக்கும் பெரிதாகிவிடும். அதைவிடக் கொடுமை, பன்னிரண்டாம் சுற்றில் நின்றுகொண்டு பிழை எங்கே நேர்ந்தது என்று தேடுவது. சுற்றுக்குச் சுற்று அடைப்புக்குறி எண்ணோடு ஒப்பிட்டவருக்கு அந்தத் தேடல் இல்லை. 18 இருக்க வேண்டிய இடத்தில் 17 இருந்தால் பிழை இந்தச் சுற்றுக்குள்தான், பிரிக்க வேண்டியதும் இந்தச் சுற்றை மட்டும்தான். பிரிப்பதில் பயமும் வேண்டாம். இரண்டு ஊசியில் போடும் ஸ்வெட்டர் பின்னலில் வரிசை முழுவதும் கண்ணிகள் ஊசியில் உயிரோடு நிற்கும், நழுவினால் கீழே ஓடிவிடும். குரோஷாவில் எந்த நேரமும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு வளையம். நூலை இழுத்தால் வேண்டிய இடம்வரை பிரியும், நிறுத்தினால் அங்கேயே நிற்கும். மூடாமல் சுருளாகப் போகும் முறையில் சுற்று எங்கே தொடங்கியது என்பதே மறைந்துவிடும் என்பதால், சுற்றின் முதல் கண்ணியில் ஒரு ஊக்கை மாட்டி, சுற்றுக்குச் சுற்று அதை மேலே நகர்த்திக்கொள்ள வேண்டும். ஊக்கு இல்லாவிட்டால் வேறு நிறத்தில் ஒரு துண்டு நூல் போதும்.

இனி, அந்த எண்கள் ஏன் ஒரு குறிப்பிட்ட எண்ணில் நிற்கின்றன என்பதற்கு வருவோம். பேட்டர்ன் 72-இல் கூட்டுவதை நிறுத்தச் சொல்கிறது. அந்த 72 தலையிலிருந்து வந்தது. வளர்ந்த ஒருவரின் தலைச் சுற்றளவு 56 செ.மீ. என்று கொள்வோம். உல்லன் நூலும் அக்ரிலிக் நூலும் இழுபடும் என்பதால் குல்லாவை நாலு செ.மீ. குறைத்துப் பின்னினால் தலையைப் பற்றி நிற்கும். பருத்தி நூல் அவ்வளவு இழுபடாது, அதற்குக் குறைப்பும் கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும். 52 செ.மீ. சுற்றளவு வேண்டும், 10 செ.மீ.க்கு 14 கண்ணி வருகிறது என்றால் தேவை 72.8. ஆறின் மடங்காக 72. ஆறாறாகக் கூட்டி 72-ஐ எட்டப் பன்னிரண்டு சுற்று. அப்போது உச்சி வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 16.4 செ.மீ. அதன்பின் ஒரு கண்ணிக்குள் ஒன்று என்று கூட்டாமல் பின்னிக்கொண்டே போனால் வட்டம் உருளையாக இறங்கும். காதை எட்டச் சுமார் 12 செ.மீ. இறக்கம். இவ்வளவுதான் குல்லா. பேட்டர்ன் இந்தக் கணக்கைச் செய்து முடித்து, விடையை மட்டும் வரிவரியாக நம்மிடம் தருகிறது. கணக்குத் தெரியாமல் விடையைப் பின்பற்றுவதில் உள்ள ஆபத்து 14 என்ற எண்ணில் இருக்கிறது. அது பேட்டர்ன் எழுதியவரின் கை. நம் கை வேறு.

எவ்வளவு வேறு என்று பார்க்கலாம். அமெரிக்காவின் கிராஃப்ட் யார்ன் கவுன்சில் நூல்களைத் தடிமன்படி எண்ணிட்டு வகைப்படுத்தியிருக்கிறது. அதில் நான்காம் எண் நூலுக்கு 5.5 முதல் 6.5 மி.மீ. வரையுள்ள ஊசியும், 10 செ.மீ.க்கு 11 முதல் 14 சிங்கிள் கண்ணியும் பரிந்துரை. 11-ம் சரி, 14-ம் சரி. ஆனால் 72 கண்ணிகளை 14-இல் பின்னினால் 51 செ.மீ., 12-இல் பின்னினால் 60 செ.மீ., 11-இல் பின்னினால் 65 செ.மீ. இறுக்கிப் பின்னும் கை 16-ஐ எட்டினால் 45 செ.மீ., அது கைக்குழந்தையின் தலை. பேட்டர்னில் ஒரு எழுத்துக்கூடத் தவறவிடாத இருவர் அதே நூலில் பின்னி, ஒருவர் குழந்தைக்குப் பொருந்தும் குல்லாவையும் மற்றவர் யாருக்கும் பொருந்தாத குல்லாவையும் முடிக்கலாம். அதனால்தான் தொடங்கும் முன் ஒரு சதுரத் துண்டு பின்னி 10 செ.மீ.யில் எத்தனை என்று அளந்து பார் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. புதியவர்கள் இதைச் செய்வதில்லை. 'குல்லாவே கையளவுதான், அதற்கு ஒரு மாதிரித் துண்டு வேறா?' என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன், புத்தகங்கள் சொல்வதற்கு மாறாக. சதுரத் துண்டை வரிசைக்கு வரிசை திருப்பித் திருப்பிப் பின்னுகிறோம். குல்லாவை ஒரே முகத்தைப் பார்த்தபடி சுற்றிச் சுற்றிப் பின்னுகிறோம். ஒரே கைதான் என்றாலும் இரண்டின் அளவும் ஒன்றாக இருக்கும் என்று உறுதியில்லை. போதாக்குறைக்குப் புதியவரின் கை முதலில் இறுகியிருக்கும், பழகப் பழகத் தளரும். முதல் பத்து நிமிடத்தில் பின்னிய சதுரம் அடுத்த நாள் கைக்குச் சாட்சி சொல்லாது. குல்லாவின் உச்சியே நல்ல மாதிரித் துண்டு, ஆனால் அதை அளந்தால்தான். ஆறாம் சுற்று முடிந்தால் 36 கண்ணி, பாதித் தூரம். குறுக்களவும் முடிவளவில் பாதி, அதாவது 8.2 செ.மீ. இருக்க வேண்டும். அளவுகோலை வைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. 8.2 இருக்க வேண்டிய இடத்தில் 9.2 இருந்தால் குல்லா 58 செ.மீ.யில் முடியும், 7.2 இருந்தால் 45 செ.மீ.யில். பாதித் தூரத்தில் குறுக்களவில் கண்ட ஒரு செ.மீ. தலையில் ஆறு செ.மீ. ஆகிறது. இந்த நிலையில் இரண்டு வழிகள் உண்டு. அரை மி.மீ. மாற்றி வேறு ஊசியில் தொடங்கலாம். அல்லது பிரிக்காமலே, கூட்டுவதை ஒரு சுற்று முன்னதாக 66-இலோ ஒரு சுற்றுத் தள்ளி 78-இலோ நிறுத்தலாம். இரண்டாவது வழி பேட்டர்னில் எழுதப்பட்டிருக்காது. எண் எதற்காக இருக்கிறது என்று தெரிந்தவருக்கு மட்டுமே அது கிடைக்கும். பேட்டர்னைப் பின்பற்றுவது என்று நான் சொல்வது இந்த அளவு சுதந்திரத்தோடு பின்பற்றுவதைத்தான்.

பாட்டிமார்கள் பேட்டர்னைப் பார்த்தா பின்னினார்கள் என்பது அடுத்த மறுப்பு. கேட்பதற்கு வலுவாக இருக்கிறது. வாசற்கதவுத் தோரணமும் ரேடியோ உறையும் மேசை விரிப்பும் பின்னிய பெண்கள் எழுதிய தாள் எதையும் முன்னால் வைத்துக்கொள்ளவில்லை, உண்மைதான். ஆனால் அவர்கள் முன்னால் ஒரு மாதிரித் துண்டு இருந்தது. அதைப் பார்த்து, 'ஐந்து செயின், ஒன்று விட்டு ஒரு டபுள்' என்று வாயால் எண்ணிக்கொண்டே பின்னினார்கள். தாளில் இருக்க வேண்டிய எண் அவர்கள் வாயில் இருந்தது. ஆந்திரத்தின் நர்சாபூர்ப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் குரோஷா லேஸ் தொழிலிலும் ஒருத்தி பூக்களைப் பின்ன, வேறொருத்தி அவற்றை இணைக்கிறாள். வெவ்வேறு வீட்டுத் திண்ணைகளில் பின்னிய பூக்கள் ஓர் ஓரத்தில் இடறாமல் சேர வேண்டுமென்றால் எல்லாப் பூவிலும் கண்ணிகளின் கணக்கு ஒன்றாக இருந்தாக வேண்டும். 2016-இல் சென்னையில் 11,000 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட குரோஷாப் போர்வையைப் பலர் பின்னிய துண்டுகளைக் கோத்து உருவாக்கி உலக சாதனை படைத்தார்கள். முகமறியாத கைகள் பின்னிய துண்டுகள் ஒன்றோடொன்று விளிம்பு பொருந்தியது அளவை மதித்ததால்தான். எழுத்து இல்லாத மரபு என்றால் கணக்கு இல்லாத மரபு என்று பொருளல்ல. மேலும், விரிப்பு இரண்டு விரற்கடை கூடினால் மேசை கோபித்துக்கொள்ளாது. குல்லா ஒரு குறிப்பிட்ட தலைக்குப் போக வேண்டியது.

இதே காரணத்தால்தான், முதலில் மஃப்ளர் பின்னிப் பழகிய பிறகு குல்லாவுக்கு வரலாம் என்ற பழைய அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை. மஃப்ளர் நேராகப் போகிறது, எளிது, மறுக்கவில்லை. ஆனால் அது பிழையை மறைத்துவிடும். இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு கண்ணி நழுவி, இருபது வரிசை கழித்து அகலம் குறைந்திருப்பது தெரியும்போது பாதி மஃப்ளர் முடிந்திருக்கும். குல்லாவின் உச்சி மூன்றாம் சுற்றிலேயே குழிந்தோ நெளிந்தோ காட்டிக்கொடுத்துவிடும். பிழைக்கும் அது கண்ணில் படுவதற்கும் இடையே ஐந்து நிமிடம்தான். பழகுகிறவருக்கு வேண்டியது அந்த நெருக்கம்.

எண்ணிக்கொண்டே இருந்தால் பின்னலின் சுகம் போய்விடாதா, மாலை நேரத்தில் பேசிக்கொண்டே செய்கிற வேலையைத் தேர்வு அறையாக்குவதா என்றும் கேட்கிறார்கள். பேட்டர்னின் பன்னிரண்டு வரிகளையும் பன்னிரண்டு கட்டளைகளாகப் படிக்கும்வரை அது பாரம்தான். எண்ணின் போக்கைப் பார்த்தவருக்குப் பன்னிரண்டும் ஒரே வரியாகிவிடுகிறது. மூன்றாம் சுற்றில் ஒரு தனிக்கண்ணி, பிறகு இரட்டை. நான்காம் சுற்றில் இரண்டு தனிக்கண்ணி, பிறகு இரட்டை. பன்னிரண்டாம் சுற்றில் பத்து தனிக்கண்ணி, பிறகு இரட்டை. சுற்றின் எண்ணில் இரண்டைக் கழித்தால் தனிக்கண்ணிகளின் எண்ணிக்கை. இதற்குமேல் தாளைப் பார்க்கத் தேவையில்லை. 72 வரை எண்ணவும் வேண்டாம், பத்துவரை ஆறு முறை எண்ணினால் போதும். பேச்சு தாராளமாக நடக்கலாம். கணக்கைத் தெரிந்துகொள்வதால்தான் கை விடுதலையாகிறது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: எண்ணிக்கை எல்லாவற்றையும் பிடித்துவிடாது. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டைக்கு நேர்மேல் இரட்டை விழுந்துகொண்டே போனால் 72 சரியாகவே வரும், உச்சி மட்டும் ஆறு மூலைகளோடு அறுகோணமாக இருக்கும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் முதல் இரட்டையைப் பாதித் தூரம் முன்னால் நகர்த்தினால் மூலைகள் கலைந்து வட்டம் உருளும். இதைக் கண்தான் பார்க்க வேண்டும், அடைப்புக்குறி சொல்லாது.

வீடியோக்கள் இருக்கும்போது பேட்டர்ன் எதற்கு என்பது இன்றைய கேள்வி. ஊசியை எப்படிப் பிடிப்பது, உச்சியைத் தொடங்கும் மேஜிக் ரிங்கில் நூலை எந்த விரலில் சுற்றுவது, இரண்டு இழைக்கும் அடியில் ஊசியை எப்படி விடுவது என்பதையெல்லாம் எழுத்தில் கற்பது வீண் பிரயாசை, அங்கே வீடியோவுக்கு நிகரில்லை. ஆனால் வீடியோவில் இருப்பது இன்னொருவர் தலைக்கான குல்லா. நூல் மாறினால், தலை மாறினால், அது கைவிட்டுவிடும். குறியீட்டு வரைபடம் இன்னொரு மாற்று. ஜப்பானியப் புத்தகங்களில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு குறி உண்டு. சிங்கிளுக்குச் சிறு பெருக்கல் குறியோ கூட்டல் குறியோ, டபுளுக்குக் குறுக்குக்கோடு போட்ட தூண். அமெரிக்கரா ஆங்கிலேயரா என்ற வழக்கே அங்கு எழாது. ஆங்கிலம் வராதவர்களுக்கு வரைபடத்தையே முதலில் காட்ட வேண்டும் என்பேன். அதிலும் எண்ண வேண்டியது எண்ணத்தான் வேண்டும், ஆனால் கண்ணிகள் படமாக நிற்பதால் விரல் வைத்தே எண்ணிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பேட்டர்னைத் தமிழிலேயே எழுதும் பழக்கம் பரவ வேண்டும் என்று விரும்புகிறேன். ஆங்கில வரி 'எத்தனை கண்ணி' என்பதை முதலில் சொல்லி, 'எதற்குள்' என்பதைப் பின்னால் வைக்கிறது. கை அந்த வரிசையில் வேலை செய்வதில்லை. கை முதலில் இடத்தைத் தேடி ஊசியை நுழைக்கிறது, பிறகுதான் கண்ணியைப் போடுகிறது. தமிழ் வாக்கியம் இயல்பாகவே கையின் வரிசையில் வருகிறது: அடுத்த கண்ணிக்குள் இரண்டு. போய்ச் சேர வேண்டிய எண்ணையும் வரியின் வாலில் அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைக்க வேண்டியதில்லை, தலைப்பிலேயே வைத்துவிடலாம். மூன்றாம் சுற்று, 12-ஐ 18 ஆக்க: ஒரு கண்ணிக்குள் ஒன்று, அடுத்ததற்குள் இரண்டு, இப்படி ஆறு தடவை. நான்காம் சுற்று, 18-ஐ 24 ஆக்க: இரண்டு கண்ணிகளுக்குள் ஒவ்வொன்று, அடுத்ததற்குள் இரண்டு, இப்படி ஆறு தடவை. பதின்மூன்றாம் சுற்றிலிருந்து, 72-ஐ 72 ஆகவே வைக்க: ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒன்று, காது மறையும்வரை.